தொண்ணூற்றாறாவது கட்டளை

9 ஜூன் 2025, திங்கள்

மழை. பென்ரோஸ் ஸ்டேஷனில் இறங்கி ஆபீஸ் போவதற்குள் ஷூவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நாள் முழுக்க ஈரச் சாக்ஸ்.

குலசிங்கம் சார் காலையிலேயே கூப்பிட்டார். (ஆபீஸில் எல்லோருக்கும் அவர் குலா. எனக்கு மட்டும் வாய் வர மாட்டேன் என்கிறது. "சார் எண்டு கூப்பிட்டால் எனக்கு வயசு போன மாதிரிக் கிடக்கு" என்று அவரும் சொல்லிப் பார்த்துவிட்டார்.) குளிர்கிடங்கு அடுக்குகளில் தொங்கும் லாகர்களின் கடிகாரம் நாளுக்கு நாற்பது விநாடி பின்தங்குகிறதாம். தீப்பெட்டி அளவுதான் இருக்கும் அந்தப் பெட்டி. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எத்தனை டிகிரி என்று குறித்து ரேடியோவில் சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அதைக்கூட ஒழுங்காகச் செய்ய மாட்டேன் என்கிறது.

திருத்தத்தை நான் எழுத வேண்டும். டெக்னீஷியன் அப்பலசாமி அங்கிள் ஒவ்வொரு லாகருக்கும் கேபிள் போட்டு ஏற்ற வேண்டும். மூன்று அறைகள், மொத்தம் 640. இரண்டு அறைகள் மைனஸ் இருபது. மூன்றாவது மருந்து அறை, அது பரவாயில்லை, வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி. கேபிள் செருகக் கையுறையைக் கழற்றியாக வேண்டும். அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. போன தடவை இந்த வேலை முடிந்தபோது அவருடைய வலது கை விரல்கள் ஒரு வாரம் மடங்கவில்லை.

ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு வரி உண்டு: எண், நேரம், 'கேபிளில் ஏற்றப்பட்டது', கையெழுத்து. மருந்துக் கம்பெனி கேட்கிற தாள். எல்லோரும் இனிஷியலைக் கிறுக்கிவிட்டுப் போவார்கள். அவர் மட்டும் Appalasamy என்று பத்து எழுத்தும் விடாமல் எழுதுவார். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். பாதிப் பெயர் போட்டால் பாதி வேலை செய்த மாதிரி இருக்கிறது என்றார். ஃபிஜியில் பிறந்தவர், தமிழ் தெரியாது. நாங்கள் பேசுவது இங்கிலீஷில். இங்கே என் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

11 ஜூன், புதன்

கேபிளே வேண்டாம்!

மதியம் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. ஒவ்வொரு அறையிலும் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே ஒரு லாகரில் ஏற்றினால் போதும். அது தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். தன்னை அப்படியே பிரதி எடுத்துப் பக்கத்து லாகர்களுக்கு ரேடியோவில் அனுப்பும். பிறகு ரேடியோவை மூடிவிட்டுத் தூங்கும். அந்தப் பக்கத்து லாகர்கள் அவற்றின் பக்கத்துக்கு அனுப்பும். ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும்.

சிப் இத்தனூண்டு. அதற்குப் பெரிய மொழியெல்லாம் புரியாது. எடு, வை, ஒன்று குறை, மிச்சமிருந்தால் திரும்பிப் போ. இப்படி ஒவ்வொரு அடியாகச் சொன்னால்தான் நடக்கும். காலேஜ் லேபில் 8085 மைக்ரோபிராசசர் கிட்டின் முன்னால் உட்கார்ந்து எண்களைத் தட்டின பிறகு நான் இந்த மாதிரி எழுதியதே இல்லை. அப்போது எனக்கும் ரூம்மேட் சீதாவுக்கும் ஒரு பைத்தியக்கார விளையாட்டு இருந்தது. ஒரே மெமரியில் அவள் புரோகிராமையும் என் புரோகிராமையும் விட்டுவிடுவோம். இரண்டும் தன்னைத்தானே பிரதி எடுத்துப் பரவும், எதிராளியின் மேல் ஏறி அழிக்கும். கடைசியில் எவளுடையது மிஞ்சுகிறதோ அவளுக்கு மற்றவள் கேன்டீனில் போண்டா வாங்கித் தர வேண்டும். சீதா பொறுமைசாலி. தன் புரோகிராமுக்குப் பேரன் பேத்தி பிறக்கும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் களத்தில் விடுவாள். எனக்கு ஒரு குட்டி பிறந்துவிட்டாலே போதும், கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவேன்.

சாயங்காலத்துக்குள் எழுதி முடித்தேன். தொண்ணூற்றாறு கட்டளைகள். கடைசிக் கட்டளை: தூங்கு.

எத்தனை வருஷம் ஆகிவிட்டது இப்படிச் சந்தோஷமாக இருந்து.

13 ஜூன், வெள்ளி

மேசையில் இரண்டு லாகர்களை வைத்துச் சோதித்தேன். முதலாவதில் ஏற்றினேன். பதினொரு விநாடியில் இரண்டாவது பிடித்துக்கொண்டது. இரண்டும் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு தூங்கின. பச்சை விளக்கு அணைந்தது. கைதட்டல்.

சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் மூன்று மீட்டிங் போடுவார், மருந்துக் கம்பெனிக்கு எழுதிக் கேட்பார், ஆகஸ்ட் வந்துவிடும். முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

16 ஜூன், திங்கள்

பத்தரைக்கு மூன்று அறைகளிலும் கதவுப்பக்க லாகரில் ஏற்றினேன். பன்னிரண்டுக்கு 300. ஒன்றேமுக்காலுக்கு 640. ஸ்கிரீனில் கடிகாரங்கள் ஒவ்வொன்றாகச் சரியாகிக்கொண்டே வருவதைப் பார்க்கையில் விசில் அடிக்கலாம் போல இருந்தது.

அப்பலசாமி அங்கிளிடம் தாளைக் கொடுத்தேன். அவர் பேனாவை எடுக்கவில்லை.

"நான் கேபிள் போடலையே, சிஸ்டர்."

ரெண்டும் ஒண்ணுதான் அங்கிள், நானே ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டேன், இந்தக் குளிரில் உங்கள் விரல் என்ன ஆகும் என்றேன். தாளில் 'கேபிளில்' என்று அச்சடித்திருக்கிறதே என்று கேட்டார். அது பழைய தாள் என்றேன். அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எனக்காகத்தான் எழுதினார் என்று நினைக்கிறேன்.

நாலு மணிக்குள் 210 வரிகள். அத்தனையிலும் முழுப் பெயர்.

17 ஜூன், செவ்வாய்

கையெழுத்து முடிந்தது. விரலைச் சொடுக்கிவிட்டு, குளிரில் நின்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று சிரித்தார்.

20 ஜூன், வெள்ளி

மதாரிகி விடுமுறை, மாவோரிகளின் புத்தாண்டு. வீட்டுக்காரர் வரதுவும் நானும் பஸ் பிடித்து சான்ட்ரிங்ஹாம் இந்தியக் கடைகளுக்குப் போனோம். முருங்கைக்காய், இட்லி அரிசி, அவருக்கு ஒரு பிளேட் பிரியாணி. முதியோர் இல்லத்தில் வாரம் முழுக்க ஆட்களைத் தூக்கி இறக்கி அவருடைய இடுப்பு போய்விட்டது. பஸ்ஸில் சாய்ந்து உட்காரக்கூட முடியவில்லை.

இங்கேயே தங்குவதற்கான ரெசிடென்ஸ் விண்ணப்பத்துக்குப் பதில் வந்திருக்கிறது, பெற்றுக்கொண்டோம், வரிசையில் இருக்கிறது என்று. என் வேலையை வைத்துத்தான் விண்ணப்பம். என் விசாவை ஒட்டித்தான் அவர் விசா. "ஆறு மாசம் கண்ணை மூடிட்டு ஓட்டிட்டம்னா முடிஞ்சுரும்" என்றார்.

30 ஜூன், திங்கள்

மருந்து அறையின் கடைசி மூலையில் மூன்று லாகர்கள் செத்துக் கிடக்கின்றன. பேட்டரி காலி. இரண்டு வருஷம் வர வேண்டிய பேட்டரி.

ஏதோ மட்டமான சரக்காக இருக்கும்.

2 ஜூலை, புதன்

பத்தொன்பது. எல்லாமே கதவிலிருந்து தள்ளி, உள் மூலைகளில். கதவுப்பக்கம் ஒன்றுகூட இல்லை.

ஏன்?

4 ஜூலை, வெள்ளி

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

மருந்து அறையின் பின்பாதியில் நேற்று ஒன்பது மணி நேரத்துக்கு எந்த லாகரும் பேசவில்லை. குளிர் குறையவே இல்லை. இயந்திரம் ஒழுங்காக ஓடியது, சுவரில் தொங்கும் பழைய தெர்மாமீட்டர்கூட நாலு டிகிரி காட்டியது. ஆனால் பதிவு இல்லை. பதிவு இல்லாத மருந்து கெட்டுப்போன மருந்துதான், அதுதான் சட்டம். முப்பத்தெட்டு பேலட் இன்சுலின், ஒவ்வொரு பேலட்டும் ஆள் உயர அடுக்கு. ஒரு குப்பிகூடக் கெடவில்லை. அத்தனையும் எரிக்கப் போகிறார்கள்.

லாரியில் ஏற்றும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் அப்பாவுக்கு இதே இன்சுலின்தான்.

7 ஜூலை, திங்கள்

அப்பலசாமியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

காரணம் சொல்ல ஒரு குழந்தை போதும். செத்தவை எல்லாம் உள் மூலையில், குளிர் அதிகமான இடத்தில். கதவுப்பக்கம் எல்லாம் நன்றாக இருக்கிறது. கேபிள் போட்டிருந்தால் பேட்டரி மட்டமென்று அப்போதே தெரிந்திருக்குமாம். ஆகவே கிழவர் குளிருக்குப் பயந்து கதவுப்பக்கம் மட்டும் செய்துவிட்டு, மீதிக்கு உட்கார்ந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். தாளைப் பார்த்தால் நிமிஷத்துக்கு இரண்டு கையெழுத்து. யாரால் நிமிஷத்துக்கு இரண்டு கேபிள் போட முடியும்?

பதினெட்டாம் தேதி விசாரணை. அதுவரை உள்ளே வரக் கூடாது. தன் அலமாரியைக் காலி செய்து ஒரு பையில் போட்டுக்கொண்டு போனார். என் மேசையைத் தாண்டித்தான் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு சார் என் பக்கத்தில் வந்து நின்றார். காபி கப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்பலசாமி என்னவோ நீங்கள் காத்திலை அனுப்பினதெண்டு சொல்லுறார். அப்பிடி ஒண்டு இருக்கோ?"

"இந்த லாகர்ல காத்துல அப்டேட் அனுப்புற வசதியே கிடையாது சார்."

"ஓம், நானும் அதைத்தான் சொன்னனான்" என்று போய்விட்டார்.

8 ஜூலை, செவ்வாய்

பொய் இல்லை. கையேட்டில் பதினோராம் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, அந்த வசதி கிடையாது என்று. நான்தானே அதை உண்டாக்கினேன்.

பொய்தான். என்ன பேச்சு இது.

10 ஜூலை, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

மூன்று நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், பேட்டரிதான் மட்டம், என் புரோகிராமில் தப்பில்லை, இரண்டு லாகரில் சோதித்தேனே என்று. இன்று மதியம் கேன்டீனில் கட்டம் போட்ட நோட்டை விரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு கட்டளை என்று எழுதி, சிப் செய்வதைக் கையால் செய்து பார்த்தேன்.

முதல் கட்டத்தில் எண் இருக்கிறது: 96. எத்தனை கட்டங்களைப் பிரதி எடுக்க வேண்டும் என்கிற எண். நான் என்ன எழுதியிருக்கிறேன்? முதலில் ஒன்று குறை, பிறகு எடுத்து வை. அதாவது முதல் கட்டத்தைப் பிரதி எடுக்கும்போது அதில் இருப்பது 96 இல்லை. 95.

குட்டிக்கு எல்லாக் கட்டங்களும் போய்ச் சேர்கின்றன. அதன் எண் மட்டும் 95. அதனால் அது ஒழுங்காக வேலை செய்கிறது, ஒழுங்காகத் தூங்குகிறது. அதைத்தான் நான் மேசையில் பார்த்தேன். ஆனால் அந்தக் குட்டி தன் குட்டிக்கு அனுப்பும்போது 95 கட்டங்களைத்தான் அனுப்பும். கடைசி ஒன்று போகாது. கடைசி ஒன்று என்ன?

தூங்கு.

பேரப்பிள்ளைக்குத் தூங்கத் தெரியாது. ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு கத்திக்கொண்டே இருக்கும். அதற்கு அடுத்ததற்கு இன்னும் ஒன்று குறையும்: 'ஏற்கெனவே வாங்கியவனுக்குத் திரும்ப அனுப்பாதே.' அதற்கு அடுத்ததற்கு இன்னும் ஒன்று. கதவுப்பக்கம் முதல் தலைமுறையும் இரண்டாம் தலைமுறையும். உள்ளே போகப் போக மூன்று, நான்கு, ஐந்து. மூலையில் இருப்பவை ராத்திரி பகல் கத்திப் பதினைந்தே நாளில் செத்திருக்கின்றன.

சீதா இருந்திருந்தால் மூன்றாவது லாகரை வைத்துப் பார்த்திருப்பாள். ஒரே ஒரு லாகர் கூட வைத்திருந்தால் போதும்டி கண்மணி. அலமாரியில் இருபது கிடந்துச்சு. எந்திரிச்சுப் போய் எடுக்கச் சோம்பேறித்தனம்.

பக்கத்து மேசையில் யாரோ மீன் சூடு பண்ணிச் சாப்பிட்டார்கள். நோட்டை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

12 ஜூலை, சனி

வரதுவிடம் சொன்னேன். துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசித் துணிவரை கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அவரு சிட்டிசன், கண்மணி. இந்த வேலை போனா இன்னொண்ணு. பென்ஷன் வேற வந்துரும். நமக்கு அப்படியா? உன் வேலை போனா விசா போகுது. உன் விசா போனா என்னுது போகுது. மூணு வருஷம் நான் தூக்குன தூக்கெல்லாம் எதுக்கு?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"சொல்லாதேன்னு சொல்றீங்களா?"

"நான் எதுவுமே சொல்லலை" என்று காலிக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

14 ஜூலை, திங்கள்

மனுகாவ்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. சரக்கு வெளியே போகும்போது ஒரு லாகரும் கூடவே போகும் என்று தெரியும். தெரிந்துமா தோன்றவில்லை? ஜூன் 27 அன்று நம் மருந்து அறையிலிருந்து நாலு பேலட் மனுகாவில் இருக்கிற கிடங்குக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து கிளினிக்குகளுக்கு அனுப்புவார்கள். தடுப்பூசிகள். அங்கேயும் நம் லாகர்கள்தான், 180. இன்று காலை அவர்கள் போன் செய்தார்கள். ஐந்து செத்துவிட்டதாம்.

எனக்கு உடனே கணக்குப் புரிந்தது. போன ஒன்று தூங்காத ஒன்று. அங்கே போய்க் கத்தியிருக்கிறது. பத்து நாளில் அங்கேயும் பதிவு நிற்கும், அங்கேயும் லாரி வந்து நிற்கும்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்கையும் அப்பலசாமிதானே மாட்டினவர்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும்.

15 ஜூலை, செவ்வாய்

இன்று வேறொன்று எழுதினேன். தின்னி. அதுவும் லாகர் லாகராகத் தாவும். பழையதைக் கண்டால் அதன் மேல் ஏறி உட்கார்ந்து முழுசாக அழிக்கும், அடுத்ததற்குத் தாவும், தூங்கும். எண்ணை இந்த முறை கட்டத்துக்கு வெளியே வைத்தேன். ஒன்பது லாகர்களை வரிசையாக வைத்து ஒன்பதாம் தலைமுறைவரை பார்த்தேன். ஒவ்வொரு பிரதியையும் வெளியே எடுத்து முதலாவதோடு கட்டம் கட்டமாக ஒப்பிட்டேன். ஒரு புள்ளி மாறவில்லை. சீதா பார்த்திருந்தால் போண்டா வாங்கித் தந்திருப்பாள்.

இதை இங்கே கதவருகே ஒரு லாகரில் ஏற்றினால் போதும். மனுகாவில் சரக்கு இறக்கும் வாசல் பக்கம் கைப்பையோடு ஐந்து நிமிஷம் நின்றால் போதும். நாளை மாலைக்குள் எல்லாம் சுத்தம். பேட்டரி மாற்றினால் முடிந்தது. தடுப்பூசி தப்பிக்கும். விசா தப்பிக்கும். ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

நான்கு மணிக்கு மருந்து அறைக் கதவருகே கேபிளோடு நின்றேன். லாகரில் செருகியும் விட்டேன். விரல் பட்டனில்.

தின்னி முழுசாக அழிக்கும். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு காற்றில் ஒன்று வந்தது என்பதற்கு இந்த உலகத்தில் ஒரு அத்தாட்சியும் இருக்காது. தாள் மட்டும் இருக்கும். அதில் அறுநூற்று நாற்பது தடவை அவர் பெயர்.

கேபிளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தைரியம் என்றெல்லாம் இல்லை. பட்டனை அழுத்த வரவில்லை, அவ்வளவுதான்.

16 ஜூலை, புதன்

அரை நாள் லீவு போட்டு அப்பலசாமி வீட்டுக்குப் போனேன். மனுகாவ் மாலிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப். கதவைத் திறந்தது அவர் மனைவி பிம்லா. என் பெயரைச் சொன்னதும் ஒதுங்கி வழி விட்டார். அவ்வளவுதான். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. இந்த மூன்று வருஷத்தில் எந்த ஃபிஜிக்காரர் வீட்டிலும் என்னிடம் டீ கேட்காமல் இருந்ததில்லை.

அவர் ஹாலில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒன்பது நாள்" என்றார். "எண்ணிக்கிட்டே இருக்கேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். எண் பிசகியதை, குட்டியை, பேரப்பிள்ளையை, வால் அறுந்துகொண்டே போவதை எல்லாம் ஒரு மூச்சில் சொன்னேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமல் கேட்டார். தான் உண்மையைத்தான் சொன்னதாகவும், குலா சிரித்ததாகவும், 'கண்மணியிடம் கேட்டேன், அப்படி ஒன்று கிடையாது என்கிறாள்' என்றதாகவும் சொன்னார். முப்பத்தொரு வருஷ வேலையில் தன்னைப் பொய்யன் என்று யாரும் சொன்னதில்லை. இன்சுலின் எரிந்ததைவிட அதுதான் அவருக்குப் பெரிசு.

விசா பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"கையெழுத்து என்னுது. கேபிள் போடாம போட்டேன், அதுக்கு நான் பதில் சொல்லுவேன். உன்னுதுக்கு நீ சொல்லு."

பிம்லா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவியிருக்க வேண்டும்.

17 ஜூலை, வியாழன்

மருந்து அறை மூலையிலிருந்து சாகாத ஒன்றை எடுத்தேன். எண் 502. எவர்சில்வர் சாம்பார் டப்பாவில் போட்டுக் க்ளிப்பை மாட்டினேன். ரேடியோ வெளியே வரவில்லை, ரிசீவர் வைத்துப் பார்த்துவிட்டேன். இதுதான் என் சாட்சி.

வரதுவிடம் சொல்லிவிட்டேன், நாளைக்குச் சொல்லப் போகிறேன் என்று. தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

18 ஜூலை, வெள்ளி

ஒன்பது மணிக்கு, விசாரணைக்கு ஒரு மணி நேரம் முன்னால், சாரின் அறைக்குப் போனேன். டப்பாவை மேசையில் வைத்தேன்.

"என்ன, சாம்பாரோ?"

"திறக்காதீங்க சார்."

சொன்னேன். முதலிலிருந்து. நோட்டையும் விரித்து வைத்தேன். அவர் நல்ல இன்ஜினியர். ஆறாவது கட்டத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. விரல் முதல் கட்டத்துக்குப் போய் அங்கேயே நின்றது. மருந்துக் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதியவர் அவர். டெக்னீஷியன் வேலை செய்யாமல் கையெழுத்துப் போட்டார் என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டவர்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, உங்கட ரெசிடென்ஸ் இன்னும் வரேல்லை எல்லோ. ஏன் இதை எனக்குச் சொன்னீங்கள்?" பிறகு, மிகவும் மெதுவாக: "இந்த டப்பாவை நீங்கள் வீட்டை கொண்டு போனால், நான் ஒண்டும் காணேல்லை."

எனக்காகச் சொன்னாரா, தனக்காகவா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். நான் டப்பாவை எடுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், எடுத்துவிடுவேனோ என்று. மனுகாவில் நூற்றைம்பது லாகராவது மிச்சம் இருக்கும் சார், இன்றைக்கே ரேடியோவை நிறுத்தினால் காப்பாற்றலாம் என்றேன். அவர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். போனை எடுத்து மனுகாவைக் கூப்பிட்டார்.

பத்து மணிக்கு மீட்டிங் அறை. ஹெச்.ஆர். அம்மா, சார், அப்பலசாமி, அவருக்குத் துணையாக பிம்லா. அப்பலசாமி கோட் போட்டு வந்திருந்தார். நான் டப்பாவோடு உள்ளே போனதும் ஹெச்.ஆர். அம்மா, நீங்கள் இந்த மீட்டிங்கில் இல்லையே என்றார். இருக்கிறேன் என்றேன்.

மூன்றாவது வாக்கியத்தில் என் இங்கிலீஷ் போய்விட்டது. என்ன பேசினேனோ. "அவர் உங்களிடம் உண்மையைச் சொன்னார். நான்தான் இல்லையென்றேன்" என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

பிம்லா அழுதார். அப்பலசாமி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

21 ஜூலை, திங்கள்

முடிவு. எனக்கு நாலு வாரம் நோட்டீஸ். அதற்குள் 640-ஐயும் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும். அப்பலசாமி இன்றே வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நடமாடுகிறார், என் கண்ணில் படுகிற மாதிரி. சார் ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதி அனுப்பினார். அவருக்கு என்ன வரும் என்று தெரியவில்லை. மனுகாவில் ஒரு தடுப்பூசிகூட வீணாகவில்லை.

ரெசிடென்ஸ் விண்ணப்பம் இனி செல்லாது. வேறு கம்பெனி கிடைத்தால் விசாவை மாற்றி, மறுபடி வரிசையின் கடைசிக்கு. கிடைக்காவிட்டால்...

சுத்தம் செய்யத் தின்னி இருக்கிறதே, ஒன்பது தலைமுறை பார்த்துவிட்டேனே என்று சாரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"கேபிள்" என்றார். "ஒவ்வொண்டாய்."

24 ஜூலை, வியாழன்

ஆறு நாளாக வரது என்னோடு பேசவில்லை. இன்று டிபன் பையைத் திறந்தால், டப்பாவுக்கு மேல் முதியோர் இல்லத்து ரப்பர் கையுறைகள், மடித்து வைத்து. மெல்லியவை. போட்டுக்கொண்டே கேபிள் செருகலாம்.

லிஃப்ட் பக்கம் போய் அழுதேன். குளிர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

1 ஆகஸ்ட், வெள்ளி

மருந்து அறை முடிந்து மைனஸ் இருபது ஆரம்பம். ஐந்து கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டேன், ஒன்று கூப்பிட்டிருக்கிறது, செவ்வாய் அன்று பேச வேண்டும். ஏன் இந்த வேலையை விட்டீர்கள் என்று கேட்பார்கள். சொல்லத்தான் வேண்டும். வரது நேற்று சாப்பிடும்போது, "பிரேக்குக்கு நடுவுல கையைக் கக்கத்துல வச்சுக்க" என்றார்.

தாள் மாறிவிட்டது. ஒரு வரிக்கு இப்போது இரண்டு கட்டங்கள்: செய்தவர், பார்த்தவர். செய்வது நான். பார்ப்பது அப்பலசாமி. கேபிளைச் செருகுவேன், அவர் டார்ச் அடித்துத் திரையைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், நான் கையெழுத்துப் போடுவேன், அவர் போடுவார். வேறு பேச்சு கிடையாது. இரண்டு வாரமாக அப்படித்தான்.

ரப்பர் கையுறை மைனஸ் இருபதில் அரை மணி தாங்கும். அதற்குப் பிறகு விரல் என்னுடையது இல்லை. பதினொரு மணிக்கு வெளியே வந்து, கதவுக்கு இந்தப் பக்கம், ஹீட்டர் முன்னால் நின்றோம். அவர் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

முதல் தாளின் முதல் வரியில் நான் 'கண்மணி வரதராஜன்' என்று எழுதியிருந்தேன். முப்பதாவதில் 'கண்மணி வ'. அறுபதில் 'கண்மணி'. தொண்ணூறில் 'கண்'. நூற்றுப் பன்னிரண்டில் ஒரு 'க', அதிலிருந்து ஒரு கோடு. நான் கவனிக்கவே இல்லை.

அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. முதல் வரியின் மேல் விரலை வைத்து நீளத்தை அளந்தார். அதே அளவை அப்படியே நூற்றுப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்து வைத்தார். கோட்டுக்கு அப்புறம் வெறும் தாள்.

"மீதி எங்கே, சிஸ்டர்?"

ஜூன் பதினாறுக்குப் பிறகு அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. பேனாவை நீட்டினார். விரல் மடங்கவில்லை. அவரே என் விரல்களைப் பேனாவைச் சுற்றி மடக்கிவிட்டார், பிம்லா அவருக்கு இப்படிச் செய்திருப்பார் போல, அவ்வளவு பழக்கமாக.

முப்பதிலிருந்து ஆரம்பித்து, விட்டுப்போன எழுத்துகளை எல்லாம் எழுதி நிரப்பினேன். அவர் பக்கத்திலேயே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், விளக்கு இருந்தும். பிறகு கதவைத் திறந்துகொண்டு இருவரும் உள்ளே போனோம். நூற்றுப் பதின்மூன்று.